மலைக்குப் போகுமுன்

(திருப்பூரில், நொய்யலாற்றை அடுத்த தெரு ஒன்றின் மாடித் தாழ்வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான்கைந்து பேருக்குத் தமிழ் நூல்களைச் சொல்லிக்கொடுக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வேலை பார்க்கும் அவருடைய மாணாக்கர் ஒருவரும் சித்திரை மாதத்து மாலையொன்றில் நிகழ்த்திய சம்பாஷணை இது. அன்று மற்றவர்கள் வரவில்லை.)

சீடன்: ஐயா, அடுத்த ஞாயிறு நான் பாடத்துக்கு வர இயலாது. எங்கள் சரக்கை ஏற்றிய கண்டெய்னர் வெள்ளிக்கிழமை தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்பட்டுவிடும். அதன் பிறகு மூன்று நாள் எனக்கு ஓய்வு. என் சிநேகிதனை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு வரை போய்வரத் தீர்மானித்திருக்கிறேன். அதற்கு நான் எழுதிய திட்டம் இந்தத் தாளில் இருக்கிறது. தாங்கள் ஒருமுறை பார்த்துக் குறை இருந்தால் சொல்ல வேண்டும்.

குரு: கொடு, பார்ப்போம். ஐந்து மணிக்குப் பல்லடம், ஆறேகாலுக்கு உடுமலை, ஏழுக்கு ஒன்பதாறு சோதனைச் சாவடி, ஏழரைக்குச் சின்னாறு, எட்டே முக்காலுக்கு மறையூர், அங்கே இருபது நிமிஷம், இராஜமலையில் வரையாடு பார்க்க நாற்பது நிமிஷம். மிகுந்த சிரத்தையோடு எழுதியிருக்கிறாய், தம்பி. ஆனால் இந்தத் தாளில் ஒரு விரற்கடை வெற்றிடம்கூட இல்லையே, அது ஏன்?

சீடன்: வெற்றிடம் விட்டால் அது வீண் அல்லவா ஐயா? ஆண்டு முழுவதும் மின்விசிறிக் காற்றில் பஞ்சுத் தூசியோடு நின்றுவிட்டு, மூன்றே நாள் வாய்க்கிறபோது அதில் ஒரு மணி நேரத்தை இழந்தால் அதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? எங்கள் மேஜையில் ஐந்து நிமிஷம் தாமதித்தால் தையல் வரிசை முழுவதும் துணியில்லாமல் காத்து நிற்கும். அந்தப் பழக்கம்தான்.

குரு: உன் தவிப்பு நியாயமானது; அதை நான் குறை சொல்லமாட்டேன். உழைக்கிறவனுக்குத்தான் ஓய்வின் விலை தெரியும். அது இருக்கட்டும், எல்லாரும் ஊட்டிக்குப் போகும் பருவத்தில் நீ ஏன் மூணாற்றைத் தேர்ந்தெடுத்தாய்?

சீடன்: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஈ-பாஸ் வேண்டியிருக்கிறது. அது ஒன்றும் பெரிய சிரமமில்லை. என்றாலும், மேட்டுப்பாளையத்திலிருந்து கார்களின் பின்விளக்குகளைப் பார்த்துக்கொண்டே ஏறுவதற்கு மனம் வரவில்லை.

குரு: அந்த அனுமதிச்சீட்டைப் பலர் தொந்தரவு என்று சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது மலையே வாய் திறந்து, என் மடியில் இவ்வளவு பேருக்குத்தான் இடம் என்று சொன்னதுபோல் படுகிறது. போகட்டும். ஒன்பதாறு சாவடிக்கும் சின்னாற்றுக்கும் இடையே அரைமணி நேரம் என்று எழுதி, அதற்கு எதிரே 'நிற்க வேண்டாம்' என்று கோடிட்டிருக்கிறாயே, என்ன காரணம்?

சீடன்: அந்தப் பகுதியில் பார்க்க ஒன்றுமில்லை ஐயா. முள்மரமும் காய்ந்த புல்லும் பாறையும்தான். கோடையில் நம் காங்கேயத்துக் காட்டைவிட மோசமாக இருக்கும் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். பசுமை மறையூருக்கு மேலேதான் தொடங்குகிறது. நாங்கள் பார்க்கப் போவதும் அதைத்தான்.

குரு: அப்படியானால் முதலில் அந்த வறட்சியைப் பற்றிப் பேசுவோம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து, 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியையும் அதன் சகோதர சிகரங்களையும் முட்டி, தன் சுமையையெல்லாம் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. அதனால்தான் மூணாற்றில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற மழை, அங்கிருந்து சில மணி நேரத் தொலைவிலுள்ள சின்னாற்றில் ஏறக்குறைய ஐந்நூறு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஒரே காற்று, ஒரே மலை. நீ பார்க்க விரும்பும் பசுமையும் பார்க்க விரும்பாத முட்காடும் ஒரு துணியின் இரு பக்கங்கள். குறிஞ்சியும் முல்லையும் வெயிலால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரத்தில் நாம் படித்தோமே, அந்த இலக்கணத்தைக் கண்ணால் காணக்கூடிய இடம் அதுதான். அதற்கு நீ அரைமணி நேரம் கொடுத்து, நிற்கவும் வேண்டாம் என்கிறாய்.

சீடன்: ஐயா சொன்ன பிறகு அது வேறுவிதமாகத் தோன்றுகிறது. ஆனாலும் அங்கே நிற்கக் கூடாது என்று வனத்துறையே எச்சரிக்கிறதே?

குரு: வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது என்பது சரி; நீயும் இறங்காதே. மெதுவாகப் போவதற்குத் தடை இல்லை. இன்னொன்றையும் யோசித்துப் பார். பாம்பாறும் சின்னாறும் தேனாறும் கூடி அமராவதியாகிறதே, அந்த ஆற்றில் 1957-ல் கட்டி முடிந்த அணை அந்தச் சாலைக்குக் கீழேதான் இருக்கிறது. கோடையில் காட்டுக்குள்ளே ஓடைகள் வற்றியதும் யானைகள் குட்டிகளோடு அந்தச் சாலையைக் கடந்து அணைத் தண்ணீருக்கு இறங்குகின்றன. உடுமலைக்காரர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஏழு இருபதுக்கு ஒரு கூட்டம் உன் எதிரே நின்றால், இந்தத் தாள் என்ன சொல்லும்?

சீடன்: தாளில் அதற்கு இடமில்லை.

குரு: அதைத்தான் முதலில் கேட்டேன். யானை வந்தால் தொலைவிலேயே நிறுத்திவிட வேண்டும். ஹாரன் அடிக்கக் கூடாது, விளக்கைப் பளிச்சிடக் கூடாது, படமெடுக்க இறங்கக் கூடாது. அவை தாமாகக் கடக்கும் வரை காத்திருக்க வேண்டும், தேவையானால் திரும்பி வர வேண்டும். அந்தக் காத்திருப்பு பத்து நிமிஷமாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் வேலை ஒதுக்கிவைத்தவன் மனம் அங்கே என்ன பாடுபடும்? எட்டே முக்காலுக்கு மறையூர் என்று தாள் அவசரப்படுத்த, தன் கன்றை நடுவில் விட்டுத் தண்ணீருக்குப் போகும் தாய் யானையை அவன் ஓர் இடையூறாகக் காண்பான். ஆண்டெல்லாம் எதைக் காண ஏங்கினானோ, அது எதிரே வந்து நிற்கும்போது அவன் கண்ணுக்குத் தடையாகத் தெரியும்.

சீடன்: ஐயா, ஒரு சந்தேகம். அப்படியானால் திட்டமே வேண்டாம், வருவது வரட்டும் என்று புறப்பட்டுவிடுவதுதான் விவேகமா? எங்கள் கம்பெனியில் சில பையன்கள் அப்படித்தான் போனார்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதி ஒருவன் கையை முறித்துக்கொண்டு வந்தான்.

குரு: இல்லை தம்பி, அது விவேகமல்ல, அசிரத்தை. நான் சொல்வதை நீ தப்பாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. நம் கையில் உள்ளவற்றைப் பற்றி எவ்வளவு கண்டிப்பாகத் திட்டமிட்டாலும் தகும். கிளம்பும் முன்பே வண்டியின் பிரேக் கட்டையையும் டயரையும் மெக்கானிக்கிடம் காட்டு. எந்தக் கியரில் ஏற்றம் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைக்கிறவன், பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடேற்றிவிடுகிறான்; கடைசியில் அது பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் போகிறது. கொண்டை ஊசி வளைவில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. இருட்டிய பிறகு அந்தக் காட்டுச் சாலையில் போகவே போகாதே. வாகனங்களை எந்நேரம் வரை விடுகிறார்கள் என்று சாவடியில் முன்கூட்டியே கேட்டுக்கொள். தண்ணீரை எவர்சில்வர் கூஜாவில் கொண்டு போ; காட்டில் ஒரு காகிதம்கூடப் போடாதே. இவற்றில் வெற்றிடம் வேண்டியதில்லை. மலை என்ன காட்டும், யானை எப்போது கடக்கும், மூடுபனி எந்நேரம் விலகும், உன் தோழனுக்கு எங்கே நிற்கத் தோன்றும் என்பவை உன் கையில் இல்லாதவை. கையில் உள்ளவற்றை முடிச்சுப் போட்டு வைப்பதே, கையில் இல்லாதவற்றுக்குத் தாராளமாக இடம் விடுவதற்காகத்தான்.

சீடன்: இடம் விடுவது என்று ஐயா சொல்லச் சொல்ல எனக்கு என் தொழிலிலேயே ஒன்று நினைவுக்கு வருகிறது. சொல்லலாமா?

குரு: சொல், சொல். உன் தொழிலை நான் தெருவிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர உள்ளே வந்து பார்த்ததில்லை.

சீடன்: நிட்டிங் துணி நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னியது. சாயப்பட்டறையில் நனைந்து, பிழியப்பட்டு, உலர்த்தப்பட்டு, காம்பாக்டிங்கில் இழுத்து அமுக்கப்பட்டு ரோலாகச் சுற்றி எங்களிடம் வரும்போது, அந்தக் கண்ணிகள் எல்லாம் விறைத்துப்போய் இருக்கும். அப்படியே விரித்து அளந்து வெட்டினால் அளவு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அளவு பொய். தைத்து ஒருமுறை அலசியதும் கண்ணிகள் தம் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும், உயரம் குறைந்துபோகும். அதனால் ரோலைப் பிரித்து, மேஜைமேல் இழுக்காமல், மடிப்பு மடிப்பாகத் தளர்வாகப் போட்டு ஓர் இரவு விட்டுவிடுவோம். லைக்ரா கலந்ததானால் ஒரு நாள் முழுக்க. யாரும் அதைத் தொடமாட்டார்கள். காலையில் கையை வைத்துப் பார்த்தால் தெரியும், துணி அயர்ந்து தூங்கி எழுந்ததுபோல் மெத்தென்று இருக்கும். அதன் பிறகுதான் லே போட்டுக் கத்தி வைப்போம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், அனுப்பும் தேதி நெருங்கிவிட்டது என்று அந்த ஓர் இரவை விடாமல் வெட்டச் சொன்னார்கள், நானும் வெட்டினேன். அலசிப் பார்த்தபோது உடலுயரம் அரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தது. அத்தனை பீஸும் போயிற்று. அன்று என் கை செய்த காரியம் இன்றும் உறுத்துகிறது.

குரு: இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது, தம்பி. ஆண்டு முழுவதும் இழுபட்டு விறைத்த கண்ணோடு நீ மலைக்குப் போகிறாய். போன முதல் நாழிகையிலேயே அதை அளக்கத் தொடங்கினால், நீ காண்பது மலையாக இராது, உன் விறைப்பாகத்தான் இருக்கும். முதல் நாளை அப்படியே விரித்துப் போட்டுவிடு. சரி, இவ்வளவு நேரமாகச் சிநேகிதன் என்று சொல்கிறாயே, அவனைப் பற்றி ஒரு வரிகூட இந்தத் தாளில் இல்லையே?

சீடன்: அவன் ஒடிசாக்காரன் ஐயா. கோராபுட் மாவட்டம். சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட். நாலு வருஷமாகப் பக்கத்து அறையில் இருக்கிறான். எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவன் அவன்தான். அவனுக்கு நல்ல மலை ஒன்றைக் காட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

குரு: கோராபுட்டா? அது கிழக்குத் தொடர்ச்சி மலையின் நடுப்பகுதி அல்லவா? ஒடிசாவின் மிக உயர்ந்த சிகரமான தேவ்மாலி, 1,672 மீட்டர், அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மலையிலே பிறந்தவனுக்கா நீ மலை காட்டப் போகிறாய்?

சீடன்: (சற்று நேரம் பேசாமலிருந்து) அவன் ஊரில் மலை இருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை ஐயா.

குரு: இந்தத் திட்டத்தை அவனிடம் காட்டினாயா?

சீடன்: காட்டினேன். படங்களையும் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையசைத்தான். ஒன்றுதான் கேட்டான்: அந்த மலையில் சந்தை எந்த நாள் கூடும் என்று. நாம் சாமான் வாங்கப் போகவில்லையே என்று சொல்லி மேலே காட்டத் தொடங்கிவிட்டேன்.

குரு: அடடா, தம்பி! அவன் கேட்டதுதான் மலைக்காரனின் கேள்வி. கீழேயிருந்து போகிறவர்களுக்கு மலை ஒரு காட்சி. அங்கே பிறந்தவனுக்கோ அது வீடு, வயல், விறகு, உறவு. ஏழு நாளைக்கு ஒருமுறை எல்லாக் குன்றுகளிலிருந்தும் ஜனங்கள் இறங்கி வந்து உப்பும் தானியமும் சேதியும் மாற்றிக்கொள்ளும் இடம் சந்தை. நாலு வருஷம் சாயத் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றவன், மலை என்றதும் எதை நினைத்து ஏங்கினான் என்று அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டான். உன் படங்களின் இரைச்சலில் அது உன் காதில் விழவில்லை.

சீடன்: நான் வெட்கப்படுகிறேன் ஐயா.

குரு: வெட்கப்பட்டது போதும், இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அவனை வைத்து இந்த வழியை மறுபடி பார். மறையூருக்கு நீ இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறாய். சந்தனக் காட்டை வேலிக்கு வெளியே நின்று பார்க்க அது போதும். ஆனால் அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் இருக்கின்றன. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் அது. கரும்பைப் பிழிந்து, அதன் சக்கையையே அடுப்பில் எரித்து, அகன்ற கொப்பரையில் பாகு கொதித்துச் சுருண்டு வரும்போது, பக்குவம் தப்பாமல் இறக்கி ஆறவைத்து, கையால் உருண்டை பிடிக்கிறார்கள். அந்த உருண்டையின் மேல் பிடித்தவனுடைய விரல் அடையாளம் பதிந்திருக்கும். சாயக் கொப்பரையில் சூடும் நேரமும் பார்த்து நிற்கிற உன் தோழனுக்கு, அந்தக் கொப்பரையின் ஓரத்தில் நிற்கிறவனிடம் பேச ஆயிரம் விஷயம் இருக்கும். பாஷை வேறானால் என்ன?

சீடன்: மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துக்கு மட்டும் ஒரு முழுக் காலை கொடுத்திருக்கிறேன். பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் இருக்குமாம்.

குரு: கம்பளம்தான். நெய்தவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு பார். அந்தச் சரிவுகளில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் நம் தென்மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் ஏறிப்போனவர்களின் பேத்திகள். நம் பாஷை பேசுகிறவர்கள். 2015 செப்டம்பரில் போனஸும் கூலியும் கேட்டு, ஆண் தலைவர்கள் எவரையும் முன்னிறுத்தாமல், அந்தப் பெண்களே மூணாற்றுச் சாலையில் அமர்ந்து போராடினார்கள். பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர். போனஸுக்காகக் காத்திருப்பது என்னவென்று திருப்பூர்க்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி என்ற இடத்தில், 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, அடைமழையில் மலைச் சரிவு பெயர்ந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் லயங்கள்மேல் விழுந்தது. எழுபது பேர். நீ படம் எடுக்கிற மலைதான் அது. நான் உன் சந்தோஷத்தைக் குலைக்க இதைச் சொல்லவில்லை. பிறர் பாடுபட்ட இடத்தில் நின்று சௌந்தரியத்தை அனுபவிக்கிறவன் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வான், அவ்வளவுதான்.

சீடன்: அங்கே முன்பு ரயில் ஓடியது என்று சொல்கிறார்களே, உண்மையா?

குரு: உண்மை. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே தேயிலை ஏற்றிச்சென்ற சின்ன ரயில். அது போய்ச் சேர்ந்த உச்சி நிலையத்துக்குத்தான் டாப் ஸ்டேஷன் என்று பெயர் வந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் போடிப் பக்கம் இறங்கின. 1924 ஜூலை வெள்ளம் அந்தப் பாதையைத் துடைத்தெடுத்துவிட்டது. பிறகு அதை யாரும் போடவில்லை. நேரம் தவறாமல் ஓடிய ரயிலுக்கும் ஓர் அட்டவணை இருந்திருக்கும், தம்பி.

சீடன்: எனக்கு ஒரே ஒரு மனக்குறை ஐயா. நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்துவிட்டது. அப்போது எனக்குப் போக முடியவில்லை. இனி 2030 வரை காத்திருக்க வேண்டும்.

குரு: காத்திரு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி வைத்திருக்கிறார். அவற்றுள் எத்தனையை நீ பார்த்திருக்கிறாய்? பூக்காத குறிஞ்சிச் செடியும் இராஜமலையில் நின்றுகொண்டுதான் இருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நீ பார்த்துவிட்டு வா. வரையாடுகளையும் பார். ஈன்று வளர்க்கும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் அந்த வனத்தை மனிதருக்கு மூடிவிடுகிறார்கள். ஆகையால் சித்திரையில் போகிறவனுக்கு இரண்டு மாதக் குட்டிகள் தாயோடு பாறையில் தாவுவது காணக் கிடைக்கலாம்.

சீடன்: கிடைக்கலாம் என்கிறீர்கள். சரி ஐயா, மறையூரில் ஓர் இரவு தங்கிவிடுகிறோம். டாப் ஸ்டேஷனை எடுத்துவிடுகிறேன். சந்தை நாளை அங்கேயே விசாரித்து, தோதுப்பட்டால் மூணாற்றையும் குறைத்துக்கொள்கிறோம். தங்களுக்கு என்ன வாங்கி வர?

குரு: ஓர் உருண்டை வெல்லம். துணிப்பையில் போட்டுக் கொண்டுவா. அதோ, தெருவிளக்கடியில் உன் வண்டிமேல் சாய்ந்துகொண்டு நெடுநேரமாக ஒருவன் நிற்கிறானே, யார் அது?

சீடன்: அவன்தான் ஐயா. ஷிப்டுக்குப் போகிற வழியில் என்னோடு வந்தான். பாடம் முடியட்டும் என்று கீழேயே நின்றுவிட்டான்.

குரு: இவ்வளவு நேரமுமா? இரவு முழுக்க நிற்கப்போகிற கால் அல்லவா அது. மேலே வரச் சொல், தம்பி. உள்ளே பானையில் மோர் இருக்கிறது. அந்தப் புத்தகங்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இப்படி இழுத்துப் போடு.